மயில் குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, மஞ்சளாகக் கழிகிறது. என்ன செய்யலாம்?

விராலிமலையான்

வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறேன். கீரைப் பாத்தியும் மீன் தொட்டியும்தான் என் முக்கிய வேலை. சனி ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பார்ப்பதற்காக முதலாளி ஓர் ஓரத்தில் முயல், கோழி, வாத்து, மயில் எல்லாம் வைத்திருக்கிறார். மயில் என்றால் நம்ம ஊர் நீல மயில்தான். ஆண் ஒன்று, பெண் இரண்டு.

பெண் மயில் முட்டையிட்டுவிட்டு அடையில் உட்காரவில்லை. அதனால் முட்டைகளை எடுத்து ஓர் அடைக்கோழிக்கு வைத்தோம். நான்கு குஞ்சு பொரித்தன. கோழியே தாய் மாதிரி கூட்டிக்கொண்டு திரிந்தது. இப்போது ஏழு வாரம் இருக்கும், கொண்டை நன்றாக எழும்பிவிட்டது. நேற்றுக் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்று இன்னொன்று மூலையில் நிற்கிறது. இறகை உப்பிக்கொண்டு, இரண்டு இறக்கையையும் தரையைத் தொடும்படி தொங்கப் போட்டு, கண்ணைப் பாதி மூடி நிற்கிறது. கிட்டே போனால் இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றுவிடுகிறது. தீவனத்தைத் தொடவில்லை. எச்சம் மஞ்சள், நுரை மாதிரி. கந்தகத்தின் மஞ்சள் என்று சொல்லலாம்.

தீவனம் கோழிக்குப் போடுவதுதான், குருணை. கூடவே வெட்டின கீரை. சாயந்திரம் பாத்தி ஓரத்தில் மண்புழு தோண்டிப் போடுவேன், பாய்ந்து பாய்ந்து தின்னும். இப்போது அதையும் பார்க்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் விராலிமலை. அங்கே மயில் வயலில் இறங்கிக் கடலையைக் கிண்டும்போது விரட்டத்தான் தெரியும், வைத்தியம் யாருக்கும் தெரியாது. மயிலைப் பிடித்து வளர்ப்பதே அங்கே குற்றம். இங்கே முதலாளி "பார்த்துக்கொள்" என்று என்னிடம் விட்டுவிட்டார். செத்ததைக் குப்பையில் போடச் சொன்னார். நான் போடாமல், குளத்துக்குத் தூண்டில் இரை வைக்கிற ஃபிரிட்ஜில் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஏதாவது உபயோகம் உண்டா?

மெர்போக் ரவி

தம்பி, நான் வளர்ப்பது கூண்டில் பாடுகிற பறவைகள். மயில் பெரிய பறவை, ஆனாலும் பறவை பறவைதானே. உடம்பு உப்பி நின்றால் முதலில் சூடு. கூண்டைச் சுற்றித் துண்டு போட்டு, பல்ப் ஒன்று போடுங்கள். கடையில் விற்கிற 100 பிளஸ் பானத்தைத் தண்ணீர் கலந்து சொட்டு சொட்டாகக் கொடுங்கள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து மிளகளவு உருட்டி ஊட்டினால் கழிச்சல் நிற்கும். என் தாத்தா கோழிக்கு அதைத்தான் கொடுப்பார்.

ரத்தம் போகிறதா என்று பார்த்தீர்களா? குஞ்சுப் பருவத்தில் ரத்தக் கழிச்சல்தான் அதிகம் வரும்.

கிளினிக் பிரியா

நான் டாக்டர் இல்லை. இங்கே ஒரு கிளினிக்கில் பறவை, முயல், ஆமை இவற்றுக்கான பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். சில கேள்விகள், அப்புறம் இன்றைக்கே செய்ய வேண்டியவை.

செத்த குஞ்சை ஃபிரிட்ஜில் வைத்தது மிக நல்ல காரியம். ஃபிரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்தால் ஈரலும் குடலும் குழைந்துபோய் அறுத்துப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பையை இன்னொரு பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, உயிரோடு இருப்பதையும் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கிற டாக்டரிடம் போங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கிலோ தொண்டையிலோ பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சள் படிவம் ஒட்டியிருந்தால் அது வேறு நோய், டிரைக்கோமோனாஸ் என்ற கிருமி. கழுத்தை நீட்டி வாயை ஆவென்று திறந்து மூடினால் மூச்சுக்குழலில் புழு இருக்கலாம். கண்ணில் நுரை, கண்ணுக்குக் கீழே வீக்கம், மூக்கொழுகல் என்றால் மைக்கோபிளாஸ்மா பக்கம் யோசிக்க வேண்டும். இறகில்லாத தோலில் கொப்புளம் இருந்தால் அம்மை, கொசு பரப்புவது. கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் போனால், அல்லது பெரிய பறவைகளும் கோழிகளும் திடீர் திடீரென்று விழுந்தால், எதையும் கையால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் பண்ணையிலிருந்து சுங்கை பூலோ சதுப்பு நிலம் எட்டிப் பார்க்கிற தூரம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்குகிற இடம். வெள்ளைக் கழிச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டையும் முதலில் மனதிலிருந்து தள்ளிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

தீவனப் பையின் லேபிளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோழிக் குஞ்சுத் தீவனம் சிலவற்றில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்க சாலினோமைசின், நராசின் மாதிரி மருந்து கலந்திருப்பார்கள். கோழிக்குக் கொடுக்கிற அளவே வான்கோழிக்கு விஷம், கால் மடங்கி விழும். மயில் விஷயத்திலும் அதே எச்சரிக்கையோடுதான் இருக்க வேண்டும்.

ரவி அண்ணே, சூடு கொடுக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இப்போதுள்ள எல்ஈடி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பிராணிக் கடையில் கிடைக்கிற பீங்கான் சூட்டு விளக்கு வேண்டும். இல்லாவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு போதும் என்றால் குஞ்சு மறுபக்கம் நகரட்டும். 100 பிளஸில் சர்க்கரை அதிகம், மருந்துக்கடை உப்புக் கரைசல் பொட்டலம் அதைவிட நல்லது. வெங்காயமும் மஞ்சளும் கொடுத்துக் காத்திருக்க இந்தக் குஞ்சுக்கு நேரமில்லை என்று நினைக்கிறேன்.

விராலிமலையான்

பார்த்துவிட்டேன் அக்கா. வாய் சுத்தமாக இருக்கிறது, கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மூச்சில் சத்தமில்லை. கண்ணில் நுரையோ வீக்கமோ இல்லை. தோலில் கொப்புளம் எதுவும் இல்லை. கழுத்து நேராக இருக்கிறது. பெரிய மயில் மூன்றும் நன்றாகத் தின்கின்றன. கோழி ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. வளர்த்த தாய்க்கோழி கொழுத்துப்போய்த் திரிகிறது.

தீவனப் பையில் நீங்கள் சொன்ன பெயர்கள் இல்லை. புரதம் 19 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். நடு எலும்பு கத்தி மாதிரி நிற்கிறது, இரண்டு பக்கமும் சதையே இல்லை. இறகு மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. பெட்டியில் காகிதம் விரித்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று எச்சம், மூன்றும் மஞ்சள். ரத்தம் இல்லை. நடுவில் ஒன்று மட்டும் பழுப்பாக, களி மாதிரி, நாற்றம் தாங்கவில்லை. இதுதான் நோயா?

கிளினிக் பிரியா

பழுப்புக் களி நோய் இல்லை. பறவைக்குக் குடல் முடிகிற இடத்தில் வால் மாதிரி இரண்டு பைகள் உண்டு. அவை தினம் சில தடவை காலியாகும்போது அப்படித்தான் வரும், அப்படித்தான் நாறும். அதைப் பார்த்துப் பயந்துகொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். கவலைப்பட வேண்டியது மஞ்சளுக்குத்தான். ஈரல் கெட்டால் அந்த நிறம் வரும்.

கோழியோடு வளர்ந்த குஞ்சு, மண்புழு, மஞ்சள் எச்சம், தொங்கின இறக்கை, சதை கரைந்த நெஞ்சு, கோழிக்கு ஒன்றுமில்லை. இத்தனையும் சேர்ந்தால் என் மனதில் ஒரு பெயர் வருகிறது. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நாளைக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். இன்றிரவு மண்புழு வேண்டாம்.

செம்பவாங் அம்மா

பிரியா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எங்களுக்கு அந்தக் காலத்தில் பெயரெல்லாம் தெரியாது. "வான்கோழி மஞ்சள் கழிந்தால் சனி" என்பதோடு சரி.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரர்களிடம் வேலை பார்த்தவர். நாங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். பக்கத்தில் மலையாளக் கிறிஸ்துவக் குடும்பங்கள் நிறைய. கிறிஸ்துமஸுக்கு விற்க அம்மா வான்கோழி வளர்ப்பார். கோழியும் வளர்ப்பார். ஆனால் இரண்டும் ஒரே முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. வான்கோழிக் குஞ்சுக்கு மூங்கில் பட்டை அடித்து, கால் வைத்துத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கூண்டு. எச்சம் கீழே விழுந்துவிடும். குஞ்சு மண்ணையே பார்க்காது, நாலைந்து மாதம் வரைக்கும். அதுவரை கோழி ஓட்டிய விளக்குமாற்றைக்கூட அம்மா அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார். எதிர்வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு வளர்த்தார். ஒரு மழைக்காலத்தில் அவர் வான்கோழி வரிசையாகப் போனது, கோழி ஒன்றுகூடப் போகவில்லை. எங்கள் வீட்டில்தான் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அம்மாவோடு ரொம்ப நாள் பேசவில்லை.

அப்புறம் கம்பத்தை எடுத்தார்கள், நாங்கள் யீஷூன் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். கோழியும் போச்சு, வான்கோழியும் போச்சு.

மயிலுக்கும் வான்கோழி மாதிரி இது வரும்தானே. தம்பி, உங்கள் குஞ்சுக்கு நோய் கொடுத்தது அந்தக் கொழுத்த கோழி. அது பாசமாகத்தான் வளர்த்திருக்கும், அதைக் குறை சொல்லி என்ன. மிச்சம் இரண்டு குஞ்சையும் இப்போதே தூக்குங்கள். டாக்டர் என்ன சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பிரியா, எனக்கு ஒரு சந்தேகம், இத்தனை வருஷமாக. கோழிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

கிளினிக் பிரியா

அம்மா, உங்கள் அம்மாவுக்குப் பெரிய கும்பிடு. புத்தகம் சொல்வதும் அதுதான்.

கிருமியின் பெயர் ஹிஸ்டோமோனாஸ். ஒரே செல் உள்ள உயிரி. வெளியில் தனியாக விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் அது ஒரு வாகனம் பிடித்துக்கொண்டது. கோழியின் குடல்வால் பையில் வாழ்கிற ஹெட்டராகிஸ் என்ற மெல்லிய வெள்ளைப் புழுதான் அந்த வாகனம். கிருமி அந்தப் புழுவின் முட்டைக்குள் ஏறிக்கொள்ளும். முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழு அந்த முட்டையை விழுங்கித் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். மயில் குஞ்சு மண்ணைக் கொத்தினாலும் மாட்டும், மண்புழுவைத் தின்றாலும் மாட்டும்.

கோழிக்கு இந்தக் கிருமி குடல்வால் பையோடு பெரும்பாலும் நின்றுவிடும். குஞ்சுக் கோழிக்குக் கொஞ்சம் சுணக்கம் வரலாம், தேறிவிடும், அப்புறம் மற்றவற்றுக்குப் பரப்பிக்கொண்டிருக்கும். வான்கோழியிலும் மயிலிலும் குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய்விடுகிறது.

அமெரிக்காவின் ரோட் தீவில் 1890களில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் இதை ஆராயத் தொடங்கினார்கள். 1895இல் தியோபால்ட் ஸ்மித் கிருமியை விவரித்தார். புழு முட்டைக்குள் அது பயணம் செய்கிறது என்பது தெரிய 1920 வரை ஆனது. பண்ணைக்காரர்கள் கோழியையும் வான்கோழியையும் பிரித்து வைப்பதை அதற்கப்புறம்தான் ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரர் யாரும் வைத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டியதில்லை.

மெர்போக் ரவி

அப்படியென்றால் காட்டுக்கோழி? அந்தப் பக்கம் ரோட்டோரம் எல்லாம் மேய்கிறதே. பண்ணைக் கோழியைக் கட்டி வைத்தாலும் அது வேலி தாண்டி வந்து எச்சமிட்டுவிட்டுப் போகுமே.

கிளினிக் பிரியா

நல்ல கேள்வி அண்ணே, நான் எழுத மறந்தது அது. ஆமாம், அதுவும் கோழிதான். மயில் கூண்டுக்கு மேலேயும் பக்கத்திலேயும் வலை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலைதான்.

விராலிமலையான்

போய்விட்டு வந்தேன். எழுதக் கொஞ்சம் நாளாகிவிட்டது, மழையில் தொட்டி வேலை அதிகம்.

டாக்டர் முதலில் செத்ததை அறுத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஈரல் வழக்கமாகப் பழுப்புச் சிவப்பில் வழவழப்பாக இருக்க வேண்டும் என்றார். இதில் முழுவதும் வட்ட வட்டமாக மஞ்சள் வெளுப்புப் புள்ளி, ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, ஓரத்தில் வளையம் கட்டி இருந்தது. சிலது ஐந்து காசு அளவு. அப்புறம் குடல் முடிவில் இருந்த இரண்டு பையையும் வெட்டிப் பிளந்தார். ஒன்று வீங்கிச் சுவர் தடித்திருந்தது. உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, கத்தி பட்டால் உதிர்கிற ஒரு கட்டி, பை நீளத்துக்கு. இன்னொன்றில் அவ்வளவு இல்லை. அதைக் கழுவித் தட்டில் விட்டபோது நூல் துண்டு மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஒரு சென்டிமீட்டர் இருக்கும். "இதுதான் அந்தப் புழு" என்றார். இந்த ஈரலையும் இந்தப் பையையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம் என்றார், ஆனாலும் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். உயிரோடிருப்பதன் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் புழு முட்டை இருந்தது, ரத்தக் கழிச்சல் கிருமி ஒன்றிரண்டுதான், அது பெரிய விஷயமில்லையாம்.

மருந்து இரண்டு. கிருமிக்கு மெட்ரோனிடசோல், புழுவுக்குத் தனியாக வேறொன்று. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது என்று இரண்டு தடவை சொன்னார். குஞ்சு எடை 520 கிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் கணக்கில் காலையும் மாலையும் 0.4 மில்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரி நீர் மருந்து. தண்ணீரில் கலந்து வைக்கலாமா என்று கேட்டேன். நோயுள்ளது தண்ணீரே குடிக்காது, மருந்து கசக்கும், குடிக்கிற கொஞ்சத்தையும் விட்டுவிடும், வாயில்தான் கொடுக்க வேண்டும் என்றார். புழு மருந்தை இறகு முளைக்கிற வயதில் அளவு மீறினால் இறகு வளைந்து முளைக்குமாம், அதையும் எடை போட்டுத்தான் கொடுத்தார்.

வாயில் ஊற்றக் கற்றுக்கொள்ள முதல் நாள் பட்ட பாடு! மடியில் துண்டில் சுற்றி வைத்து, நாக்குக்குப் பின்னால் திறந்து திறந்து மூடுகிற ஓட்டையைக் காட்டினார்கள். அதுதான் மூச்சுக்குழல். அதைத் தாண்டி ஓரமாக ஊசியில்லாத சிரிஞ்சை விட வேண்டும். கொடுத்தவுடன் தலையை ஓர் உதறு உதறும், பாதி என் சட்டையில். இப்போது மெதுவாகத் தள்ளி, கழுத்து விழுங்குவதைப் பார்த்துவிட்டு மீதியைத் தள்ளுகிறேன், சிந்துவதில்லை.

மற்ற இரண்டு குஞ்சும் பழைய மீன் கூடையின் பிளாஸ்டிக் கம்பித் தட்டில், தரையிலிருந்து உயரமாக. செம்பவாங் அம்மா சொன்னதை அன்று ராத்திரியே செய்துவிட்டேன். அவற்றுக்கும் எடை போட்டு மருந்து கொடுக்கச் சொன்னார். எச்சம் இன்னும் மஞ்சளாகவில்லை.

கேள்வி இதுதான். குஞ்சு ஒன்றுமே தின்னவில்லை, நேற்று 490 கிராம். சும்மா மருந்து மட்டும் போனால் என்ன ஆகும்?

கிளினிக் பிரியா

முப்பது கிராம் இறங்கியது நல்லதில்லை. டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள், குழாய் வழியாக ஊட்டும் தூள் உணவு தருவார். அதை நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம், குழாய் தப்பான ஓட்டையில் போனால் அவ்வளவுதான். நேரில் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். ஊட்டும் முன் நெஞ்சுக்கு மேலே இருக்கிற இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள், முன்பு கொடுத்தது இன்னும் தொளதொளவென்று நின்றால் அடுத்ததைத் தள்ளிப்போடுங்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் செரிக்காது, முதலில் சூடு, அப்புறம்தான் சோறு.

தானாகத் தின்ன ஆரம்பித்தால் வேகவைத்த முட்டையைப் பிசைந்து வையுங்கள். பிராணிக் கடையில் விற்கிற மாவுப்புழு இரண்டு மூன்று அதன்மேல் போட்டால் அசைவைப் பார்த்துக் கொத்தும். அது மண்ணில் வளர்ந்ததில்லை, பயமில்லை. தேறியபின் 19 சதவீதத் தீவனம் போதாது. மயில் குஞ்சுக்கு வான்கோழிக் குஞ்சுத் தீவனம் மாதிரி 26, 28 சதவீதம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தினம் ஒரே நேரத்தில், காலை மருந்துக்கு முன் எடை. சமையல் தராசு போதும். கண்ணுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோன்றும், தராசு பொய் சொல்லாது.

செம்பவாங் அம்மா

பெட்டிக்குள் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்துப் பாருங்கள். தனியாகப் போட்ட குஞ்சு ஏங்கும். இன்னொன்று இருக்கிறது என்று நினைத்தால் கொத்த ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் பவுடர் கண்ணாடி அதற்கே போய்விட்டது.

விராலிமலையான்

கண்ணாடி வேலை செய்தது அம்மா. குளியலறைச் சுவரிலிருந்த சின்னதைக் கழற்றி வைத்தேன், என்னோடு தங்குகிறவர்கள் முகச்சவரம் செய்யக் கண்ணாடியைத் தேடித் திட்டுகிறார்கள்.

எடை: 490, 485, அப்புறம் 505, இன்று காலை 560. முட்டையைத் தானாகத் தின்கிறது. மஞ்சள் நின்று, பச்சையும் வெள்ளையுமாக உருண்டு விழுகிறது. இறக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. நேற்று நான் கதவைத் திறந்தபோது தாவி வெளியே போகப் பார்த்தது, பிடிக்கக் கஷ்டமாகிவிட்டது, எனக்கு அதில்தான் சந்தோஷம். மற்ற இரண்டுக்கும் இதுவரை ஒன்றுமில்லை. பரிசோதனை முடிவும் வந்தது, அதே நோய்தான்.

முதலாளி பில்லைப் பார்த்துவிட்டு மயிலைப் பார்த்தார், மயிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூண்டுக்கு மேலே வலை போடவும், குஞ்சுக் கூண்டுக்குக் கம்பித் தளம் அடிக்கவும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு கேள்வி. மயில் இருக்கிற பழைய இடத்து மண்ணில் சுண்ணாம்பு கொட்டினால் புழு முட்டை சாகுமா? அப்புறம், மருந்து கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கோழிகளுக்கும் அந்தக் கிருமி இருக்குமே, அவற்றுக்கு இதையே கொடுத்துத் துடைத்துவிடலாமா?

கிளினிக் பிரியா

560! மருந்தைச் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள், நன்றாகிவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். ஈரல் அடிபட்ட குஞ்சு கூடப் பிறந்தவற்றைவிடச் சிறிதாக நின்றுவிடலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

சுண்ணாம்பை நம்ப வேண்டாம். அந்த முட்டையின் ஓடு கெட்டி, இங்கே மண் காய்வதும் இல்லை. முடிந்தால் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கூரை இறங்குகிற இடத்தில் சிமெண்ட் போட்டு, மேலே மணல் பரப்பி அடிக்கடி மாற்றுங்கள். முடியாவிட்டால் கோழி மேய்ந்திராத மேட்டுப் பகுதிக்கு மாற்றுங்கள். பெரிய மயில்களுக்கும் கோழிகளுக்கும் குடற்புழு நீக்கம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று டாக்டரிடம் அட்டவணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புழு குறைந்தால் வாகனம் குறையும். அடுத்த முறை மயில் முட்டையைக் கோழிக்கு வைக்காமல் இன்குபேட்டரில் வையுங்கள், 28 நாள்.

கோழிக்கு அந்த மிச்ச மருந்து வேண்டவே வேண்டாம். அந்தக் கோழி முட்டையை நீங்கள்தானே பொரித்துச் சாப்பிடுகிறீர்கள்? மனிதர் சாப்பிடுகிற முட்டை, இறைச்சிக்காக வளர்க்கும் பறவைக்கு அந்த வகை மருந்தே கொடுக்கக் கூடாது என்று பல நாடுகளில் தடை இருக்கிறது. கோழிக்குப் புழு மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

விராலிமலையான்

சரி அக்கா. மிச்சத்தைக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எப்படியும் அடுத்த வாரம் எடை காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்குபேட்டருக்கு முதலாளியிடம் இப்போது கேட்க முடியாது. முதலில் வலை வரட்டும்.